தாங்கமைப்பு: சஸ்பென்ஷனுக்கு ஒரு தமிழ்ச்சொல்

வண்டி பழுதுபார்க்கும் தொழிலைப் புதிதாகக் கற்றுவரும் இளைஞர் ஒருவர் ஒரு விளக்கத்தாளை என்னிடம் நீட்டினார். முன்சக்கர இயக்கக் காருக்கான ஸ்பிரிங், ஷாக் அப்சர்பர் தொகுப்போடு வந்த தாள் அது. முதல் வரி: “உங்கள் வாகனத்தின் இடைநீக்கத்தை மேம்படுத்துவதன் மூலம் கையாளுதலை மேம்படுத்தவும்.” சற்றுக் கீழே: “இடைநீக்கத்தைச் சரிபார்த்த பின்னரே ஓட்டவும்.” அவர் கேட்டார்: “ஐயா, நடுவில் எதையாவது கழற்றிவிட்டு ஓட்டச் சொல்கிறார்களா?”

அவர் படித்ததில் பிழையே இல்லை. இடை என்றால் நடு. நீக்கம் என்றால் அகற்றுவது. தமிழ் தெரிந்தவர் அந்தச் சொல்லை அப்படித்தான் பிரிப்பார். சக்கரத்துக்கும் வண்டியின் உடலுக்கும் இடையிலுள்ள அமைப்பைக் குறிக்கும் சஸ்பென்ஷன் என்ற சொல்லைப் பார்த்ததும் அலுவலரைத் தற்காலிகமாகப் பணியிலிருந்து விலக்கும் நடவடிக்கைக்குரிய சொல்லை எடுத்து, காருக்கு அடியில் செருகியவரிடம்தான் பிழை. இந்த ‘இடைநீக்கம்’ ஒரு முறை கண்ணில் பட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். கார் விளம்பரம், உதிரிபாக அட்டை, ஓட்டுநர் கையேடு என்று எங்கு திரும்பினாலும் இதுவே நிற்கிறது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லத்தீனில் ‘சுப்’ என்பது கீழே என்ற பொருள் தரும் முன்னொட்டு; ‘பெந்தெரே’ என்றால் தொங்கவிடுதல். இரண்டும் சேர்ந்து மேலிருந்து கீழே தொங்கவிடுவதைக் குறித்தன. பழைய குதிரை வண்டிகளில் பயணிகள் அமரும் கூடு, சட்டத்திலிருந்து தோல்வார்களால் உண்மையாகவே தொங்கவிடப்பட்டிருந்தது. பின்னர் இரும்பு விற்கள் (ஸ்பிரிங்குகள்) வந்தன, கூடு அவற்றின்மேல் உட்கார்ந்தது, பெயர் மட்டும் மாறாமல் தங்கிவிட்டது. பணியில் ஒருவரை நிறுத்திவைப்பதும், திரவத்தில் துகள்கள் கரையாமல் மிதந்து நிற்பதும், கம்பிவடங்களில் பாலம் நிற்பதும் ஆங்கிலத்தில் இதே சொல்லின் கிளைகள். தமிழில் இந்த மூன்றுக்கும் இடைநீக்கம், தொங்கல், தொங்கு பாலம் என்று தனித்தனிச் சொற்கள் அமைந்துவிட்டன. நான்காவதான வண்டிப் பொருளுக்கு வரும்போதுதான் தடுமாறுகிறோம்.

‘இடைநீக்கம்’ வெறும் அறியாமை. அதைச் சுட்டிக்காட்டினால் யாரும் வாதாடுவதில்லை. என் வழக்கு ‘தொங்கல்’, ‘தொங்கல் அமைப்பு’ என்ற ஆக்கத்தோடுதான். இதை ஆக்கியவர்கள் தமிழ் தெரிந்தவர்கள், அக்கறை உள்ளவர்கள். தூய தமிழ்ச்சொல், மூலச்சொல்லின் வேருக்கு நேரானது என்று நிமிர்ந்து நின்று வாதாடுகிறார்கள். எனக்கும் தூய தமிழில் பற்று உண்டு. ஆனால் பெயர்க்க வேண்டியது பொருளின் வேலையையா, லத்தீன் சொல்லின் வரலாற்றையா?

இன்றைய காரில் எது எதிலிருந்து தொங்குகிறது? முன்சக்கர இயக்கக் கார்களில் மிகப் பெரும்பாலானவற்றின் முன்புறம் இருப்பது மக்பெர்சன் ஊன்றுகால். சுருள்வில்லும் அதிர்வடக்கியும் (ஷாக் அப்சர்பர்) ஒரே தூணாகச் சேர்ந்து செங்குத்தாக நிற்கின்றன. காரின் உடல் அந்தத் தூணின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. பெயரிலேயே கால் இருக்கிறது. 1934இல் வந்த சித்ரோயன் திராக்சியோன் அவான் முன்சக்கர இயக்கத்தைப் பெருமளவில் மக்களிடம் கொண்டுசேர்த்த கார்களில் ஒன்று. அதில் சுருள்வில்லே கிடையாது. முறுக்கப்படும் எஃகுத் தண்டுகள் எடையைச் சுமந்தன. 1959இல் வந்த மினியில் அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்த ரப்பர்க் கூம்புகள் நசுங்கி அதே வேலையைச் செய்தன. நிற்பது, முறுகுவது, நசுங்குவது எல்லாம் உண்டு. தொங்குவது எங்கும் இல்லை.

காரை ஜாக்கி வைத்துத் தூக்கினால் சக்கரம் தொங்கத்தானே செய்கிறது என்று ஒரு நண்பர் மறுத்தார். தொங்குகிறது. ஆனால் அது வண்டி ஓடாத நிலை. ஓடும் நிலையிலும், வளைவில் உள்பக்கச் சக்கரத்தின் மேலுள்ள பாரம் குறையும்போது அது கீழே இறங்குவதைத் தொங்கல் எனலாம். அந்த ஒரு சிறு அசைவுக்கு அது மிக அழகாகப் பொருந்தும் சொல். முழு அமைப்புக்கும் அதை வைத்துவிட்டால் இந்த இடத்தில் என்ன சொல்வோம்? போதாக்குறைக்கு, வேதியியல் பாடத்தில் மாணவர்கள் கூழ்மம், தொங்கல் என்று வேறு பொருளில் படித்துவிட்டு வருகிறார்கள். பேச்சில் தொங்கலில் விடுவது என்றால் முடிவு செய்யாமல் விடுவது. “வண்டியில் தொங்கல் பழுதாகிவிட்டது” என்று ஒருவர் சொன்னால், ஏதோ பிய்ந்து தொங்குகிறது என்றுதான் காது கேட்கும்.

நான் முன்வைக்கும் சொல் தாங்கமைப்பு. தாங்கு என்ற வினைக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. தூண் கூரையைத் தாங்குகிறது: அது சுமப்பது. அடியைத் தாங்கினான், துயரத்தைத் தாங்கினாள்: அது வந்து மோதுவதை ஏற்று நிலைகுலையாமல் நிற்பது. கார்ச் சக்கரத்துக்கும் உடலுக்கும் இடையிலுள்ள அமைப்புக்கு இவ்விரண்டும்தான் தலையாய வேலைகள்: எடையைச் சுமக்க வேண்டும், சாலையின் அடியைப் பொறுக்க வேண்டும். ஆங்கிலச் சொல்லில் இல்லாத துல்லியம் நம் வினைச்சொல்லில் தானாகவே கிடைக்கிறது. தாங்கிய, தாங்குகின்ற, தாங்கும் அமைப்பு என்று முக்காலமும் அடங்கிய வினைத்தொகை அது. ‘தாங்கல்’ என்று இன்னும் சுருக்கலாமே என்பார்கள். தாங்கல் என்றால் ஏரி. மனத்தாங்கல் என்றால் வருத்தம். அந்தச் சொல்லை அதன் பழைய வாழ்விலேயே விட்டுவிடுவோம். ‘தாங்கி’ என்பது பேரிங்குக்குப் போய்விட்டதே என்பது இன்னொரு மறுப்பு. தாங்கி தனி உறுப்பு, தாங்கமைப்பு முழுத் தொகுதி. இரண்டும் குழம்ப வழியில்லை. சக்கரத்தைச் சாலையோடு பொருத்தி வைக்கும் வேலையும் இந்த அமைப்புக்கு உண்டு, அது இந்தப் பெயரில் வரவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அது ‘தொங்கல்’ என்பதிலும் வரவில்லை.

சஸ்பென்ஷன் என்றே எழுதினால் என்ன என்று கேட்பவர்களோடு எனக்குப் பகையில்லை. டயர், பிரேக், ஸ்பிரிங் எல்லாம் நம் வாயில் ஊறிவிட்டன; நானும் அவற்றைப் புழங்குகிறேன். பொய்யான தமிழைவிட விளங்குகிற கடன்சொல் எவ்வளவோ மேல்.

இந்த ஒரு சொல்லோடு நோய் நிற்கவில்லை. அதே தாளில் ‘ஈரப்பதமாக்கி’ என்று ஓர் உறுப்பு. ஆங்கிலத்தில் ‘டேம்ப்’ என்றால் ஈரம் என்பதால் டேம்பர் என்பதை ஈரத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டார்கள். வில்லின் அலைவை அடக்கும் உறுப்பு அது; எண்ணெயைச் சிறு துளைகள் வழியே தள்ளி, துள்ளலின் ஆற்றலை வெப்பமாக மாற்றிவிடுகிறது. பள்ளி இயற்பியலில் தடையுறு அலைவு என்று நல்ல சொல் எப்போதோ வந்தாயிற்று. அதிர்வடக்கி என்று சொன்னால் தீர்ந்தது. ‘அதிர்ச்சி உறிஞ்சி’ என்பதும் தவறே, ஏனென்றால் மேட்டின் அடியை முதலில் வாங்குவது வில்தான். இது அதற்குப் பின் வரும் ஆட்டத்தை நிறுத்துகிறது. இந்த வேறுபாடு தெரியாதவர்தான் வில்லை மட்டும் விறைப்பாக மாற்றிவிட்டு, பழைய அதிர்வடக்கியோடு ஓட்டி, கார் ஏன் குதிக்கிறது என்று திகைக்கிறார்.

அடுத்தது ‘உருளல் எதிர்ப்புப் பட்டை’. வளைவில் காரின் சாய்வைக் குறைக்க இடவலச் சக்கரங்களின் அமைப்பை இணைக்கும் ஆன்ட்டி-ரோல் பார் என்ற தண்டைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். கார் வளைவில் உருள்வதில்லை, சாய்கிறது. உருண்டால் அது விபத்து. இந்தத் தண்டு இருந்தால் கார் கவிழவே கவிழாது என்று ஒருவர் நம்பிவிட இந்தப் பெயர் இடம் கொடுக்கிறது. சாய்வடக்குத் தண்டு என்பதே சரி. முன்சக்கர இயக்கக் காரைத் திருத்த நினைப்பவருக்கு மிக முக்கியமான உறுப்பே இதுதான். அதன் பெயர் குழம்பினால் மற்ற எல்லாமே குழம்பிவிடும்.

ஏன் முக்கியம்? எஞ்சினும் கியர்பெட்டியும் முன்னால் இருப்பதால் இவ்வகைக் கார்களில் மொத்த எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு முன்சக்கரங்கள்மீது விழுகிறது. காரை இழுப்பதும் அவையே, திருப்புவதும் அவையே. டயரின் பிடிமானத்துக்கு ஓர் எல்லை உண்டு. இழுக்கச் செலவானது போக மிஞ்சியதுதான் திருப்புவதற்கு. அதனால் வேகமாக வளைவில் நுழைந்தால் ஸ்டீயரிங்கைத் திருப்பிய அளவுக்குக் கார் திரும்பாமல் வெளிப்பக்கமாக அகன்று போகிறது. ஆங்கிலத்தில் அண்டர்ஸ்டியர் எனப்படும் இதைக் ‘கீழ்த்திசைமாற்றம்’ என்று எழுதுகிறார்கள். கீழே எதுவும் மாறவில்லை. திருப்பம் குறைகிறது, ஆகவே குறைதிருப்பம். பின்பக்கம் வழுக்கிக் கார் தேவைக்கு மேல் திரும்பினால் மிகைத்திருப்பம்.

டயரின்மேல் பாரம் இரட்டித்தால் பிடிமானம் இரட்டிப்பதில்லை, அதற்குச் சற்றுக் குறைவாகவே கூடுகிறது. அதனால் வளைவில் ஓர் அச்சின் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்குப் பாரம் எவ்வளவு அதிகமாக மாறுகிறதோ, அந்த அச்சின் மொத்தப் பிடிமானம் அவ்வளவு குறைகிறது. பின்பக்கச் சாய்வடக்குத் தண்டைத் தடிமனாக்கினால் இந்தப் பாரமாற்றத்தில் பின்னச்சு கூடுதல் பங்கை ஏற்கிறது, முன்டயர்கள் மூச்சு விடுகின்றன, குறைதிருப்பம் தணிகிறது. வேகமான சிறு கார்கள் வளைவில் உள்பக்கப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு போவது இதனால்தான். எல்லை தாண்டிவிட்டால், நடு வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த நொடியில் எடை முன்னால் சரிந்து, பின்பக்கம் வழுக்கி மிகைத்திருப்பம் வந்துவிடும். விளக்கத்தாளில் இந்த எச்சரிக்கையும் இருந்தது. ஆனால் எந்தச் சொல்லும் விளங்காததால் அது எச்சரிக்கை என்பதே அந்த இளைஞருக்குத் தெரியவில்லை. என் கோபத்துக்குக் காரணம் இதுதான். இது உயிர் சம்பந்தப்பட்ட வாக்கியம்.

ஹேண்ட்லிங் என்பதற்கு எழுதும் ‘கையாளுதல்’ என்பதையும் விட்டுவிட மனமில்லை. கையாள்பவர் மனிதர். “கையாளுதல் மேம்படும்” என்றால் ஓட்டுநரின் திறமை கூடும் என்று பொருள்படுகிறது. இங்கே பேசப்படுவது காரின் பண்பு. வண்டி சொன்னபடி கேட்கிறது, கைக்கு அடங்குகிறது என்று ஓட்டுபவர்கள் அழகாகச் சொல்கிறார்கள். தாளில் பெயர்ச்சொல் வேண்டுமென்றால் ஓட்டப் பண்பு போதும். மொழிபெயர்ப்பவர்கள் ஒரே ஒரு நாள் ஒரு காரின் அடியில் குனிந்து பார்த்துவிட்டு எழுதினால் இந்தப் பிழைகளில் பாதி நேராது. அகராதியின் முதல் வரியை எடுத்து ஒட்டுகிறவர்களுக்கு, அந்தத் தாளைப் படிக்கிறவர் கையில் ஸ்பேனர் இருக்கிறது என்ற நினைவே இல்லை.

தாளின் ஓரத்தில் நான் இப்படி எழுதிக் கொடுத்தேன்: “தாங்கமைப்பைச் செம்மைப்படுத்தினால் கார் வளைவில் சொன்னபடி கேட்கும். விறைப்பான வில் போட்டால் அதற்கேற்ற அதிர்வடக்கியும் போடவும். மிகவும் தாழ்த்த வேண்டாம். தாழ்த்தினால் ஊன்றுகாலின் அடியைக் காரோடு இணைக்கும் கீழ்க்கை சக்கரப் பக்கமாக மேல்நோக்கிச் சாய்ந்து, கார் முன்பைவிடக் கூடுதலாகச் சாயப் பார்க்கும். பின் சாய்வடக்குத் தண்டை மாற்றிய பின், ஈரச்சாலை வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்க வேண்டாம்.”

அவர் இரண்டு முறை படித்தார். “அப்படியானால் தண்டை மட்டும் மாற்றினால் போதுமா ஐயா, முன்சக்கரத்தின் சாய்கோணத்தையும் பார்க்க வேண்டுமா?” என்று கேட்டார். டயர் தேய்ந்திருக்கிறதா, இணைப்புகளிலுள்ள ரப்பர் புஷ்கள் தளர்ந்திருக்கின்றனவா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். கோணத்தை அதற்குப் பிறகு அளக்கலாம்.