கையை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா?

அம்மா சோபாவிலிருந்து எழுந்திருப்பதைக் கவனியுங்கள். கையை ஊன்றுகிறாரா? முதல் முயற்சியில் பொத்தென்று பின்னால் சாய்ந்து, அடுத்ததில்தான் எழுகிறாரா? நடை தள்ளாடுவதற்கு வெகுநாள் முன்பே தொடைத் தசை தளர்ந்துவிடும். "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள்.

கைப்பிடியில்லாத, முழங்கால் உயர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு 5 முறை எழுந்து உட்காரட்டும். பக்கத்தில் ஒருவர் நில்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ பிடித்தால், ஆசியர்களுக்கான 2019 வரையறைப்படி தசைத் தளர்ச்சி இருக்கலாம். கெண்டைக்காலின் பருத்த இடம் ஆண்களுக்கு 34 செ.மீ., பெண்களுக்கு 33 செ.மீ. அளவுக்குக் கீழே போனாலும் எச்சரிக்கைதான். கால் வீங்கியிருந்தால் இந்த அளவு ஏமாற்றும்.

மலேசியாவில் நம்மவர்களிடம் இனிப்புநீர் (சர்க்கரை நோய்) அதிகம். பாத நரம்பு மரத்துப்போனால் சிலிப்பர் கழன்றதுகூடத் தெரியாமல் நடப்பார்கள். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல ஆண்டு சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்து, அதனாலும் பாதம் மரத்துப்போகலாம். மரமரப்பையெல்லாம் சர்க்கரையின் தலையில் கட்டாமல் கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை கேளுங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் எழுந்ததும் கிறுகிறுக்கிறது என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களே நிறுத்த வேண்டாம்.

ஆனால் பெரிய ஆபத்து நம் அன்புதான். கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடி வீட்டுக்கு அம்மாவை அழைத்து வருகிறோம். லிஃப்ட் அடிக்கடி பழுது, கீழே இறங்குவது நிற்கிறது. "நீங்க உட்காருங்கம்மா" என்று தண்ணீரையும் கையில் கொடுத்துவிடுகிறோம். ஆரோக்கியமான முதியவர்களை 10 நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய 1 கிலோ தசை கரைந்தது. காய்ச்சலில் படுத்தவர் எழுந்ததும் தடுமாறுவது இதனாலும்தான்.

காலையில் ரொட்டி சானாய் (மைதா ரொட்டி), இரவில் தோசை என்றால் தசைக்கு எதுவும் மிஞ்சாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 60 முதல் 72 கிராம் புரதம் தேவை. ஒரு முட்டையில் 6 கிராம்தான்; மீன், பருப்பு, தெம்பே (புளிக்கவைத்த சோயா) மூன்று வேளையிலும் வரட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கூட்டக்கூடாது.

பயிற்சிக்கும் அதே நாற்காலிதான். முடியாதவர்களுக்கு இருக்கையில் கெட்டியான தலையணை போட்டு உயர்த்துங்கள். விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை குனிந்து எழ வேண்டும். பாதம் முன்னே நீண்டிருந்தால் எவருக்கும் எழுவது கடினம். நான்கு எண்ணி மெல்ல உட்காரட்டும். தொப்பென்று விழுந்தால் பாதிப் பயிற்சி வீண். 8 முறை, காலையும் மாலையும். சிரமமில்லாமல் வரத் தொடங்கியதும் தலையணையை எடுத்துவிடுங்கள்.