ஆங்கரஸ்: இதில் நங்கூரம் எங்கிருந்து வந்தது?

சென்ற மாதம் மெய்ப்புப் பார்க்க ஒரு கட்டு வந்தது. ஆங்கில இலக்கிய வரலாற்றை மாணவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லும் மொழிபெயர்ப்பு. இடைக்காலத்தைப் பற்றிய இயலில் ஒரு வரியில் பென்சில் நின்றுவிட்டது: ‘நார்விச் நகரத்து நங்கூரத் துறவியான ஜூலியன் தன் தரிசனங்களை எழுதினான்.’ ஒரே வரியில் இரண்டு பிழைகள். பெண்ணை ஆணாக்கியது ஒன்று, அவரைத் துறைமுகத்தில் கட்டிப்போட்டது இன்னொன்று. முதல் பிழையை மன்னித்துவிடலாம். பெயர் ‘அன்’ என்று முடிந்தால் வினையும் ‘ஆன்’ என்று முடிவது தமிழ்க் கையின் பழக்கம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பெண்களுக்கும் ஜூலியன் என்ற பெயர் உண்டு என்பது தெரியாமல் போயிருக்கலாம். நங்கூரத்தைத்தான் மன்னிக்க முடியவில்லை. மூலத்தில் இருந்த சொல் ‘ஆங்கரஸ்’: ஆலயச் சுவரை ஒட்டிய அறையில் வாழ்நாள் முழுதும் அடைபட்டுத் தவம் செய்யும் பெண். அதில் ‘ஆங்கர்’ என்று காதில் விழுந்ததும் நங்கூரம் போட்டுவிட்டார்கள். இதை நான் சந்திப்பது மூன்றாவது முறை. ஒரு கருத்தரங்கில் ‘நங்கூரப் பெண்’ என்று காதால் கேட்டேன். ஒரு கட்டுரையில் ‘நங்கூர மங்கை’ என்று கண்ணால் கண்டேன். நங்கூர மங்கை என்றதும் எனக்குத் தோன்றியது கப்பல் முகப்பில் செதுக்கி வைக்கும் மரப்பதுமைதான்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிரேக்கத்தில் ‘அனகோரெயின்’ என்றால் பின்வாங்குதல், ஒதுங்கிப்போதல். உலகத்தை விட்டு ஒதுங்கியவரைக் குறிக்க அதிலிருந்து ஒரு பெயர்ச்சொல் பிறந்து, லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து தேய்ந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக ‘ஆங்கரைட்’ என்றும், பெண்ணுக்கு மட்டும் ‘ஆங்கரஸ்’ என்றும் நின்றது. கப்பலின் ‘ஆங்கர்’ வேறு குடும்பம். அது வளைவு என்ற பொருளுடைய வேரில் பிறந்தது. யானைப்பாகன் கையில் இருக்கும் அங்குசமும் அதே வேர்தான். ஆக, ஆங்கரஸுக்கு நங்கூரத்தைவிட அங்குசம் தூரமில்லை, இரண்டுமே உறவில்லை. தூய தமிழ் என்று நெஞ்சை நிமிர்த்தி ‘நங்கூரம்’ எழுதுகிறவர்களுக்கு இன்னொரு செய்தி: அதுவே பாரசீக ‘லங்கர்’ தந்தது.

இதை எழுதி அனுப்பினேன். மொழிபெயர்ப்பாளர் சும்மா இருக்கவில்லை. படித்தவர், நூல் ஆதாரத்தோடு பதில் அனுப்பினார். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கரஸாக வாழ்ந்த மூன்று சகோதரிகளுக்காக எழுதப்பட்ட ‘ஆங்க்ரெனெ விஸ்ஸெ’ என்ற ஒழுக்க நூலே இரண்டையும் சேர்த்துப் பேசுகிறதே என்றார். உண்மைதான். கப்பலின் அடியில் நங்கூரம் கிடந்து, அலையும் புயலும் அதைக் கவிழ்க்காமல் பிடித்து வைக்கிறது; அதுபோல இவர்கள் திருச்சபை என்ற கப்பலின் அடியில் கிடந்து அதைப் பிடித்து வைப்பவர்கள்; அதனால்தான் இந்தப் பெயர் என்று அந்த நூல் சொல்கிறது. அழகான இடம்.

ஆனால் அது சிலேடை. ஒலி ஒன்றாக இருப்பதைக் கண்ட ஒரு போதகர் அதிலிருந்து ஒரு பாடம் கறந்திருக்கிறார். காளமேகம் பாம்புக்கும் எள்ளுக்கும் சிலேடை பாடினார் என்பதற்காக எந்த அகராதியாவது பாம்புக்கு எள் என்று பொருள் எழுதுகிறதா? அதிலும் சிலேடை அந்தந்த மொழியின் காதுக்குள் மட்டும் வாழ்வது. ஆங்கிலத்தில் இரண்டு சொல்லும் ஒரே ஓசை, அதனால் அங்கே பொருந்துகிறது. தமிழில் ‘நங்கூரம்’ என்பதற்கும் ‘துறவி’ என்பதற்கும் எந்த ஓசை ஒட்டும் இல்லை. சிலேடையைக் கடலில் போட்டுவிட்டு இரும்பை மட்டும் கரைக்கு இழுத்து வந்திருக்கிறார்கள். படிக்கும் மாணவருக்கு இதிலிருந்து என்ன தெரியும்? மாலுமிகளுக்காக மன்றாடும் துறவி என்று நினைப்பார். என்னிடம் ஒரு மாணவி அப்படியே கேட்டார்.

சரி, ஜூலியன் என்னதான் செய்தார்? 1373 மே மாதம், முப்பது வயது கடந்து சாகக் கிடந்தபோது அவருக்குச் சில காட்சிகள் தெரிந்தன. பிழைத்தார். அவற்றை முதலில் சுருக்கமாக எழுதினார். பிறகு பல ஆண்டுகள் அசைபோட்டு விரித்து எழுதினார். ஆங்கிலத்தில் ஒரு பெண் எழுதியதாக நமக்குத் தெரிந்த முதல் நூல் அதுதான். உள்ளங்கையில் ஹேசல் கொட்டை அளவில் ஒரு சிறு உருண்டை. இது என்ன என்று கேட்டால், படைக்கப்பட்ட அனைத்தும் இதுதான் என்று பதில் வருகிறது. அந்த நூலில் வரும் காட்சி அது.

அவர் வாழ்ந்தது நார்விச்சில் புனித ஜூலியன் ஆலயத்தின் சுவரை ஒட்டிய ஓர் அறையில். ஆலயத்தின் பெயரையே அவருக்கும் சூட்டினார்கள் என்று கருதுகிறவர்களும் உண்டு. இப்படி அறை புகுவது சாதாரணச் சடங்கு அல்ல. ஆயரின் அனுமதி வேண்டும். புகுகிறவருக்கு இறந்தோருக்கான மன்றாட்டைப் பாடுவார்கள். பிறகு வாசலை அடைத்துவிடுவார்கள். அதன்பின் உயிரோடு வெளியே வருவதில்லை. பொதுவாக அறைக்கு மூன்று சாளரங்கள்: ஆலயத்துக்குள் பார்க்க ஒன்று, பணிப்பெண் உணவு தர ஒன்று, தேடி வருகிறவர்களோடு பேச ஒன்று. பேசும் சாளரத்துக்குக் கறுப்புத் திரை, அதில் வெள்ளைச் சிலுவை. உங்கள் சாளரங்களை எவ்வளவு குறைவாக நேசிக்க முடியுமோ அவ்வளவு குறைவாக நேசியுங்கள் என்கிறது அந்த ஒழுக்க நூல். பிராணி எதுவும் வளர்க்கக் கூடாது, ஒரு பூனையைத் தவிர.

இங்கேதான் ‘கன்னியாஸ்திரீ’ என்ற இன்னொரு மொழிபெயர்ப்பும் உதிர்ந்துவிடுகிறது. கன்னியாஸ்திரீ மடத்தில் சகோதரிகளோடு வாழ்பவர். ஜூலியன் அறை புகும் முன் அப்படி இருந்தாரா, கணவனையும் பிள்ளையையும் இழந்த இல்லத்தரசியா என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். எதுவானாலும் அறை புகுந்தபின் அவர் நிலை வேறு. ‘வனத்துறவி’யும் சரிவராது. நம் கத்தோலிக்கர்களிடம் வனத்துச் சின்னப்பர், வனத்து அந்தோணியார் என்று அருமையான பெயர்கள் இருக்கின்றன. அவர்கள் பாலைவனம் தேடிப் போனவர்கள். ஜூலியனின் அறை ஊருக்கு நடுவே இருந்தது. ‘தனிமைத் துறவி’ என்கிறார்கள் சிலர். 1404ஆம் ஆண்டு உயில் ஒன்று ஜூலியனுக்கு 12 பென்னியும், அவரோடு இருக்கும் சாராவுக்கு 8 பென்னியும் எழுதி வைக்கிறது. சுமார் 1413இல் லின் நகரிலிருந்து மார்ஜரி கெம்ப் வந்தார். பதினான்கு பிள்ளைகள் பெற்றவர், அழுகையை அடக்க முடியாதவர். பின்னாளில் எழுத்தர்களிடம் சொல்லி எழுதவைத்து ஆங்கிலத்தின் முதல் தன்வரலாற்றைத் தந்தவர். தன் தரிசனங்கள் கடவுளிடமிருந்து வருகின்றனவா, ஏமாற்றா என்று ஜூலியனிடம் நாள்கணக்கில் பேசித் தெளிந்து போனார். தனிமையாம்!

பழைய நிகண்டுகளில் தவப்பெண்ணுக்குக் கவுந்தி, கந்தி, ஆரியாங்கனை என்று சொற்கள் கிடைக்கின்றன. ஆசை காட்டுகின்றன. ஆனால் கவுந்தி என்றதுமே புகாரிலிருந்து மதுரைக்குக் கோவலன் கண்ணகியோடு நடந்த கால்கள் கண்முன் வந்துவிடும். நாம் தேடுவது நடக்காதவருக்கான சொல்.

என் சொல் ‘அடைதவசி’. அடைத்தல், அடைபடுதல், ஓரிடத்தைச் சேர்தல் எல்லாம் அதில் இருக்கின்றன. வினைத்தொகையாதலால் வாசலை அன்று அடைத்தது, இன்று அடைபட்டிருப்பது, என்றும் அடைபட இருப்பது மூன்றையும் தாங்கும். ஆண் பெண் இருவருக்கும் பொருந்தும். ‘தவசினி’ என்று வால் ஒட்ட வேண்டாம், எழுத்தாளினி பட்ட பாடு போதும். தூய்மை நாடும் நண்பர் ஒருவர் ‘தவசி’ வடமொழி, ‘அடைநோன்பி’ என்று போடலாமே என்றார். நோன்பு என்றதும் பட்டினி நினைவுக்கு வருகிறது. எனக்குத் தூய்மையைவிடத் தெளிவு பெரிது. வீட்டில் சொன்னபோது, அடை என்றால் தோசைக்கல்தான் தெரிகிறது, போனால் அடைகிடக்கும் கோழி தெரிகிறது என்று சிரித்தார்கள். கோழி தெரிந்தால் மெத்தச் சரி. உண்ணவும் அரிதாகவே எழுந்து ஒரே இடத்தில் சூடு காத்துக் கிடப்பதுதானே அது. அந்த ஒழுக்க நூலிலேயே கோழி வருகிறது: முட்டையிட்டதும் கொக்கரிக்கும் கோழியின் முட்டையைக் காக்கை இனத்துப் பறவை கொண்டுபோய்விடும், அதனால் செய்த நன்மையைப் பறைசாற்றாதீர்கள் என்று.

அந்தக் கட்டு அத்தோடு விடவில்லை. 18ஆம் நூற்றாண்டு இயலில் ‘திருமதி எலிசபெத் கார்ட்டர்’ இருந்தார். கிரேக்க ஞானி எபிக்டெட்டஸை 1758இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர். கடைசிவரை மணம் செய்துகொள்ளாதவர். அன்றைய ‘மிசஸ்’ வயதுக்கும் தகுதிக்கும் தந்த மரியாதை, தாலிக்கு அல்ல. ‘அம்மையார்’ என்ற சொல் நம்மிடம் எதற்காக இருக்கிறது? அடுத்த பக்கத்தில் எலிசபெத் மாண்டகுவின் இலக்கிய வட்டம் ‘நீலக் காலுறைகள்’ ஆகியிருந்தது. ஸ்டில்லிங்ஃப்ளீட் என்ற தாவரவியலாளர் பட்டுக் காலுறைக்குப் பதிலாகச் சாதாரண நீலக் கம்பளிக் காலுறையில் அங்கே வந்தார் என்பது கதை. ஓர் ஆணின் காலில் தொடங்கிய பெயர் பிறகு படித்த பெண்களுக்கு ஏளனமாயிற்று. இந்த ஒரு வரியையாவது சேர்க்காமல் நீலக் காலுறை என்று மட்டும் போட்டால், துணிக்கடை விளம்பரம் என்றுதான் படிக்கிறவர் நினைப்பார்.

திருத்திய மெய்ப்பு நேற்று வந்தது. ‘எழுதினான்’ ‘எழுதினார்’ ஆகிவிட்டது. ‘அடைதவசி’யும் இருக்கிறது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘நங்கூரத் துறவி’.