நாலரையாவது ஆல்பமும் ஊசி ஓடும் பள்ளமும்

நீண்ட, சிக்கலான பாடல்களுக்குப் பெயர்போன ராக் வகையான பிராக் ராக்கில் பிரிட்டனின் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் 2016 ஜனவரியில் வெளியிட்ட தட்டின் பெயர் 4½. அவருடைய நான்காவது தனி ஆல்பமான 'ஹேண்ட். கேனாட். எரேஸ்.' 2015-இலேயே வந்துவிட்டது, ஐந்தாவது வந்ததோ 2017-இல். நடுவில் வந்ததால் இது நாலரை. ஆறு பாடல்கள், மொத்தம் சுமார் 37 நிமிடம். அவற்றில் மூன்றில் பாட்டே கிடையாது, வெறும் வாத்திய இசை.

பெரும்பாலானவை நான்காவது ஆல்பத்துக்கான பதிவுகளின்போது உருவாகி, அதில் இடம் கிடைக்காமல் போனவை. அந்த ஆல்பம் முழுக்க ஒரே கதை. லண்டனில் தன் வீட்டிலேயே இறந்துபோய், இரண்டு ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் கிடந்த ஒரு பெண்ணின் உண்மைச் சம்பவத்திலிருந்து பிறந்த கதை. அதோடு ஒட்டாத பாடல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெளியே நிற்கத்தான் வேண்டும். அதனால் இப்படிப்பட்ட இடைத்தட்டுகளை 'மிச்சம் மீதி' என்று ஒதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கதை ஒரு பக்கம் இருக்கட்டும், வெறும் இயற்பியலாகப் பார்த்தாலே, ஊசி வைத்துக் கேட்கும் வினைல் இசைத்தட்டுக்கு 37 நிமிடம் அருமையான நீளம்.

ஏன் என்று பார்ப்போம். வினைல் தட்டின் ஒரு பக்கத்தில் பல பள்ளங்கள் இருப்பதுபோலத் தெரியும், ஆனால் இருப்பது ஒன்றே ஒன்றுதான். ஓரத்தில் தொடங்கி மையம் நோக்கிச் சுருளும் நீண்ட பள்ளம் அது. ஒலி அலை எப்படி நெளிகிறதோ அப்படியே பள்ளத்தின் சுவர்களும் நெளியும். ஊசி அந்த நெளிவில் ஆடுகிறது, அந்த ஆட்டம் மின்சாரமாகி ஸ்பீக்கருக்குப் போகிறது.

12 அங்குலத் தட்டில் பள்ளத்துக்குக் கிடைக்கும் இடம், ஓரத்திலிருந்து உள்வட்டம் வரை ஏறக்குறைய 86 மில்லிமீட்டர். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும். 37 நிமிடத்தை இரண்டு பக்கமாகப் பிரித்து, பக்கத்துக்கு பதினெட்டரை நிமிடம் என்றால் சுமார் 617 சுற்றுகள், ஒவ்வொரு சுற்றுக்கும் 0.14 மில்லிமீட்டர் இடம். 'ஹேண்ட். கேனாட். எரேஸ்.' சுமார் 66 நிமிடம். அதை ஒரே தட்டில் திணித்தால் பக்கத்துக்கு 33 நிமிடம், சுற்றுக்கு 0.08 மில்லிமீட்டர்கூடத் தேறாது. அதனால்தான் அப்படிப்பட்ட ஆல்பங்கள் இரண்டு தட்டுகளாக வருகின்றன.

இடம் குறைந்தால் என்ன போச்சு? முதல் பலி பேஸ் எனப்படும் கனத்த, தாழ்ந்த ஒலிதான். ஊசி ஆடும் வேகம் ஒன்றாகவே இருந்தால், 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 அதிர்வு) ஒலிக்கு அது 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைவிட 20 மடங்கு அகலமாக நெளிய வேண்டும். நெருக்கமாக உழுத சால்களில் ஒன்று வளைந்தால் அடுத்ததில் போய் முட்டுவதுபோல, இங்கேயும் பக்கத்துப் பள்ளத்தின் சுவர் உடையும். இதைச் சமாளிக்க 1954-இல் அமெரிக்காவில் ஒரு பொது வரைமுறை வந்தது. தட்டை வெட்டும்போது 20 ஹெர்ட்ஸ் ஒலியைக் கிட்டத்தட்ட 20 டெசிபல் குறைத்து, 20,000 ஹெர்ட்ஸை ஏறக்குறைய அதே அளவு கூட்டி வெட்டுவார்கள். கேட்கும்போது ஆம்ப்ளிஃபயர் அதைத் தலைகீழாக்கிவிடும். கூட்டி வெட்டிய உச்ச ஒலியை மறுபடி இறக்கும்போது, தட்டின் 'உஸ்' இரைச்சலும் சேர்ந்து இறங்குவது கூடுதல் லாபம்.

அப்படியும் பக்கம் நீண்டால் மொத்த ஒலியையே தணித்துத்தான் வெட்ட வேண்டும். தணிந்த இசையோடு தட்டின் கரகரப்பு போட்டி போடும். பிராக் ராக்குக்கு இது பெரிய தொந்தரவு. மெலிதான கித்தார் ஒன்று தனியே ஒலித்துக்கொண்டிருக்கும், அப்புறம் திடீரென்று மொத்தக் குழுவும் இடிபோல இறங்கும். இதற்காகவே வெட்டும் இயந்திரத்தில் ஒரு தந்திரம் உண்டு. வரப்போகும் ஒலியைச் சற்று முன்னதாகவே அது கேட்டுவிடும். இடி வருகிறது என்றால் பள்ளங்களைத் தள்ளித் தள்ளி வெட்டும், அமைதியான பகுதியில் நெருக்கி வெட்டி இடத்தை மிச்சம் பிடிக்கும்.

இன்னொரு சிக்கல் மையத்துக்கு அருகே. தட்டு ஒரே சீராகச் சுற்றினாலும், ஊசிக்குக் கீழே பள்ளம் ஓடும் வேகம் ஓரத்தில் நொடிக்கு சுமார் 51 சென்டிமீட்டர், உள்வட்டத்தில் 21 மட்டுமே. 10,000 ஹெர்ட்ஸ் அலை ஒன்று ஓரத்தில் 0.05 மில்லிமீட்டர் நீளத்தில் தாராளமாகப் பரவுகிறது, உள்ளே சுமார் 0.02-ஆகச் சுருங்குகிறது. சாதாரண உருண்டை ஊசியின் முனை ஆரமே கிட்டத்தட்ட 0.018 மில்லிமீட்டர்! அவ்வளவு சிறிய வளைவுக்குள் அதனால் முழுதாக நுழைய முடியாது. டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டான சிம்பலின் ஓசை மங்கும், பாடகரின் 'ஸ' கரகரக்கும். ஒரு பக்கத்தின் கடைசியில் அமைதியான பாடலை வைக்கும் பழைய வழக்கத்துக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது. நேரம் குறைந்த தட்டில் மையம் வரை போகாமலே முடித்துக்கொள்ளலாம்.

1952-இல் ஆர்சிஏ விக்டர் கொண்டுவந்த 7 அங்குல இபி (எக்ஸ்டெண்டட் பிளே) தட்டு இன்னும் சிறியது, நிமிடத்துக்கு 45 சுற்று வேகத்தில் பக்கத்துக்கு ஏழரை நிமிடம் வரைதான். நம் ஊரில் சினிமாப் பாட்டு வாங்கியவர்களுக்கு அந்தச் சின்னத் தட்டு நன்றாகவே தெரியும்.

சிடி வந்ததும் இந்தக் கவலையெல்லாம் போயிற்று. அது உள்ளிருந்து வெளியே ஓடும், லேசர் படிக்கும் வேகம் மாறாமல் இருக்கச் சுழற்சி தானாகவே மெதுவாகும், 74 நிமிடம் கொள்ளும். இடம் கிடைத்தது என்பதற்காகவே ஆல்பங்களை நீட்டி முழக்கியவர்கள் நிறைய.

4½ பாடல்களை வரிசை மாறாமல் மூன்று மூன்றாகப் பிரித்தால் இரண்டு பாதியும் பதினெட்டு நிமிடத்துக்குச் சற்று மேல். பிரிட்டனின் பிராக் ராக் குழுவான யெஸ்ஸின் 1972 ஆல்பமான 'க்ளோஸ் டு தி எட்ஜ்' மொத்தமும் 38 நிமிடத்தைத் தொடாது, அதன் முதல் பக்கம் முழுக்க பதினெட்டரை நிமிடத்தைத் தாண்டும் ஒரே பாட்டு. அதை யாரும் இடைத்தட்டு என்று சொல்வதில்லை. 2013-இல் அந்த ஆல்பத்தின் பழைய ஒலிநாடாக்களிலிருந்து புதிதாக மிக்ஸ் செய்து கொடுத்தவரும் இதே வில்சன்தான்.