மங்கும் ஹெட்லைட்: வோல்ட் எங்கே தொலைகிறது?

ஏலகிரி மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். ராத்திரியில் அங்கே இறங்கும் பழைய அம்பாசிடரின் ஹெட்லைட் மஞ்சளாக மங்கினால், மறுநாள் வேலூரில் முதல் வேலையாகப் பல்பை மாற்றுவார்கள். புது பல்பும் அதே மஞ்சளில் எரியும். பாவம், பழைய பல்பின் மேல் தப்பே இருந்திருக்காது.

ஹாலஜன் பல்பில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே வெளிச்சம் வேகமாகச் சரியும். 12 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில் 10.8 கிடைத்தால், வோல்டேஜில் குறைந்தது பத்தில் ஒரு பங்குதான். வெளிச்சத்தில் போவது ஏறக்குறைய 30 சதவீதம்.

அந்த 1.2 வோல்ட் எங்கே போகிறது? டிம்மில் ஒரு பல்பு 55 வாட். இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பழைய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தை வைத்துப் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச், கிடையாது. இவ்வளவு மின்சாரமும் டேஷ்போர்டு சுவிட்ச், டிம்மர் என்று சுற்றிக்கொண்டுதான் முன்பக்கம் வரும். வழியில் ஒரு முனையில் களிம்பு ஏறியிருந்தால், வோல்டேஜ் அங்கேயே சூடாகக் கரையும். 9 ஆம்பியர், 1.2 வோல்ட் என்றால் சுமார் 11 வாட். தொட்டால் சுடுகிற சுவிட்ச், இளகிப்போன சாக்கெட் எல்லாம் இந்தக் கணக்குதான்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பலர் பல்பைக் கழற்றிவிட்டு சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைப்பார்கள். 12.6 காட்டும். ‘கரண்ட் நல்லா வருது’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். குழாயை மூடி வைத்திருந்தால் பாதி அடைத்த பைப்பிலும் அழுத்தம் முழுசாகத்தான் இருக்கும். திறந்தால்தானே வண்டவாளம் தெரியும்! அதனால் லைட் எரியும்போதே அளக்க வேண்டும். மீட்டரின் சிவப்பு முனை பேட்டரி பிளஸ்ஸில், கறுப்பு முனை பல்புக்கு வரும் ஒயரின் கடைசியில். மீட்டர் காட்டுவதே வழியில் தொலைந்த வோல்ட். அரை வோல்ட்டைத் தாண்டினால், கறுப்பு முனையை ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கி நகர்த்துங்கள். எந்த இணைப்பைத் தாண்டியதும் எண் சட்டென்று விழுகிறதோ, கோளாறு அங்கேதான்.

அப்புறம் எர்த். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் பார்ப்பேன். பல்பிலிருந்து திரும்பும் மின்சாரத்துக்கு வண்டியின் பாடியே ஒயர். ஐப்பசி மழைச் சேறு தெறிக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் அந்த எர்த் போல்ட் இருக்கும். துரு பிடிக்காமல் என்ன செய்யும்? பேட்டரி மைனஸுக்கும் பல்பின் எர்த் முனைக்கும் இடையில் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், போல்ட்டைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள்.

எர்த் அடியோடு விட்டுப்போனால் வேடிக்கை. ஒரே பல்புக்குள் டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு இழைகள். இடது பல்பின் டிம் இழையில் வந்த மின்சாரம் பாடிக்குப் போக வழியில்லாமல், அதே பல்பின் பிரைட் இழைக்குள் திரும்பி நுழைந்து, பிரைட் ஒயர் வழியாக வலது பல்புக்குப் போய் அங்குள்ள எர்த்தில் இறங்கும். இடது பல்பில் இரண்டு இழையும் அரைகுறையாக எரியும். டிம்மில் ஓட்டும்போதே டேஷ்போர்டில் பிரைட்டுக்கான நீல விளக்கும் லேசாக மினுக்கும். அதைப் பார்த்துவிட்டால் சுவிட்சைப் பிரிக்க வேண்டியதில்லை. மங்கிய பக்கத்து எர்த்துக்கே போகலாம்.

இணைப்புகளைச் சரிசெய்யாமல் 100 வாட் பல்பு போடுவது வீண்செலவு. மின்சாரம் கூடும்போது அதே களிம்பில் இழப்பும் கூடும், சூடு இன்னும் ஏறும். பல்பு மங்காமல் அடிக்கடி பியூஸ் போகிறது என்றால் அது வேறு கதை: எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டியது 15-ஐத் தாண்டுகிறதா என்று பார்த்து, சார்ஜ் வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டரைக் கவனியுங்கள்.