ஆண்மை: ஒரு சொல், இரண்டு வேர்

பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் பாதி கிழிந்த ஒரு மஞ்சள் சுவரொட்டி. 'ஆண்மைக்குறைவா? கவலை வேண்டாம்.' கீழே லாட்ஜின் பெயர், அறை எண், வைத்தியர் வரும் தேதிகள். தமிழ்நாட்டில் பஸ் ஏறிய யாரும் இதைத் தாண்டித்தான் போயிருப்பார்கள். 'ஆண்மை' என்ற சொல் கடைசியில் வந்து ஒட்டிக்கொண்ட இடம் அந்தச் சுவர்.

ஆண் + மை என்று பிரித்தால் ஆணின் தன்மை. ஆள் + மை என்றும் பிரிக்கலாம். நாள் + மலர் நாண்மலர் ஆகிறது, கேள் + மை கேண்மை ஆகிறது, அப்படியே இதுவும். அப்போது பொருள் ஆளும் தன்மை, ஒன்றைப் பொறுப்பேற்று நடத்தும் திறம். குறளில் வரும் தாளாண்மை, இல்லாண்மை, சான்றாண்மை எல்லாம் இப்படித்தான் பொருள்படுகின்றன. தாளாண்மை என்றால் விடாமுயற்சி. அதில் ஆண் எங்கே வந்தான்?

போர்க்களத்தைப் பேசும்போதுகூட வள்ளுவர் கொஞ்சம் விலகியே நிற்கிறார். பகைவனுக்கு அஞ்சாத வீரம் பேராண்மை, அவனுக்கே ஒரு துன்பம் வந்தால் உதவுவது அதன் கூர்மை என்கிறது குறள் 773. குறள் 148-இல் பிறன்மனை நோக்காமை பேராண்மை. லேகியம் விற்பவருக்கு இரண்டும் உதவாது.

வழக்கிலோ 'ஆண்' வேர்தான் வென்றது. பௌருஷம், வீரியம் என்ற வடசொற்களும் கூட வந்தன. 'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்ற பழமொழியின் கனம், வேலை போன மாதத்தில் அதைக் கேட்டவனுக்குத்தான் தெரியும். வீரமும் விடுதலையும் ஆணுக்கே உரியவை என்று இந்தச் சொல் சொல்லாமல் சொல்வதைப் பெரியார் பிடித்துக்கொண்டார். பெண் விடுதலைக்கு 'ஆண்மை' அழிய வேண்டும் என்று 1928-இலேயே தம் குடிஅரசு இதழில் எழுதினார்.

சரி, இன்று சமூகவியலில் பேசப்படும் 'மாஸ்குலினிட்டி' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்? அது லத்தீன் 'மாஸ்குலுஸ்' வழி வந்தது; அங்கே பொருள் வெறும் 'ஆண்'. நம் 'ஆண்மை'யில் புகழ்ச்சி ஏறியிருக்கிறது, 'அவனுக்கு ஆண்மை இல்லை' என்றால் வசையாகிறது. ஆய்வுக்கு அது சரிப்படாது. சைக்கிளிலிருந்து விழுந்து முழங்கால் சிராய்த்த பையனிடம் 'அழாதடா, ஆம்பளப் பையன் அழுவானா?' என்கிறோமே, அங்கே அவனுக்குக் கற்றுத் தரப்படுவதை 'ஆண்தன்மை' என்பதே பொருத்தம். அது தனக்கும் பிறருக்கும் கேடாக முற்றும்போது சொல்லப்படும் 'டாக்ஸிக் மாஸ்குலினிட்டி'யை 'நச்சு ஆண்மை' என்று எழுதுகிறார்கள். நான் 'நச்சு ஆண்தன்மை' என்றே எழுதுவேன். சிலர் இதற்கே 'ஆணாதிக்கம்' போடுகிறார்கள். அது 'பேட்ரியார்க்கி'க்கு, அதாவது ஆண்கள் கையில் அதிகாரம் இருக்கும் சமூக அமைப்புக்கு, உரிய சொல், வேறு சங்கதி.

'ஆள்' வேர் பட்டுப்போய்விடவில்லை. மேலாண்மை, இறையாண்மை, கூட்டாண்மை என்று அலுவலகத் தமிழில் தழைத்திருக்கிறது. 'ஆளுமை'யும் அதன் கிளைதான். 'பெண் ஆளுமைகள்' என்று பத்திரிகைகள் சிறப்பிதழ் போடுகின்றன. மேலாண்மை இயக்குநர் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்தால், பெயர்ப்பலகையில் இருக்கும் 'ஆண்மை' யார் கண்ணையும் உறுத்துவதில்லை.