லைவ் திக்குகிறதா? கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் மூன்று எண்களைப் பாருங்கள்

கடலூரில் கம்ப்யூட்டர் விற்பனையும் சர்வீஸும் செய்கிறேன். ஒரு காலத்தில் "சிஸ்டம் ஸ்லோவா இருக்கு சார்" என்பதுதான் கடைக்கு வரும் புகார். இப்போது, குறிப்பாக முழுப்பரீட்சை லீவு விட்டதும், வேறு மாதிரி வருகிறது: "அண்ணே, கேம் சும்மா ஓட்டினா நல்லா ஓடுது. லைவ் போட்டா மட்டும் திக்குது." கேம் விளையாடுவதை யூடியூபில் நேரலையாகக் காட்டுவதைத்தான் லைவ் என்கிறார்கள். கூட அப்பாவோ மாமாவோ வந்து நிற்பார். கிராபிக்ஸ் கார்டை மாற்றியே ஆகவேண்டும் என்று பையன் வீட்டிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் வந்திருப்பான். தவணையில் கிடைக்குமா என்று அப்பா கேட்பார்.

கார்டு விற்றால் லாபம் எனக்குத்தான். ஆனாலும் சொல்கிறேன், இப்படி வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் செலவு தேவையே இல்லை. எது திக்குகிறது என்று பார்க்காமல் பொருளை மாற்றினால் பணம் போகும், திக்கல் அப்படியே இருக்கும்.

லைவ் போடுகிற பலரும் அதற்கு ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற மென்பொருளைத்தான் வைத்திருக்கிறார்கள். அதில் வியூ மெனுவுக்குள் ஸ்டாட்ஸ் என்று ஒன்று உண்டு. அழுத்தினால் சின்னப் பெட்டி ஒன்று திறக்கும். ஃபிரேம் என்றால் வீடியோவில் ஓடும் ஒரு தனிப்படம், லேக் என்றால் தாமதம். பெட்டியில் மூன்று வரிகளைப் பாருங்கள்: ரெண்டரிங் லேக்கால் தவறிய ஃபிரேம்கள், என்கோடிங் லேக்கால் விட்டுப்போன ஃபிரேம்கள், நெட்வொர்க்கில் டிராப் ஆன ஃபிரேம்கள். ஒரு பார்சல் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். சமைப்பவர் ஒருவர், பொட்டலம் கட்டுபவர் ஒருவர், வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பவர் ஒருவர். சாப்பாடு தாமதம் என்றால் மூவரில் யாரால் என்று தெரியாமல் மாஸ்டரை மாற்றி என்ன பயன்? ரெண்டரிங் (படத்தை உருவாக்குவது) சமையல், என்கோடிங் (அதைச் சுருக்குவது) பொட்டலம், நெட்வொர்க் (அனுப்புவது) வண்டி.

வழக்கமாக விளையாடும் கேமைத் திறந்து, ரீசெட் அழுத்தி எண்களைச் சுழியமாக்கி, கால் மணி நேரம் லைவ் போட்டுப் பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றும் விழுந்தால் பரவாயில்லை. எந்த வரியில் எண் நிற்காமல் ஏறுகிறதோ, கோளாறு அங்கேதான்.

பொட்டலம் கட்டும் இடம்

என்னிடம் வரும் கேஸ்களில் அதிகம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கேமின் படத்தை நேரடியாக யூடியூபுக்கு அனுப்ப முடியாது. ஒவ்வொரு விநாடியும் 30 அல்லது 60 ஃபிரேம்களைச் சுருக்கி அனுப்ப வேண்டும். இதை பிராசசரே செய்யலாம். ஓபிஎஸ்-இல் அதற்குப் பெயர் எக்ஸ்264. இல்லையென்றால் கிராபிக்ஸ் சிப்புக்குள் இதற்கென்றே தனியாக இருக்கும் பகுதி செய்யலாம். என்விடியாவில் அது என்வென்க், இன்டெலில் குவிக் சின்க். ஏஎம்டி கார்டுகள் பலவற்றிலும் உண்டு. கேமும் எக்ஸ்264-உம் ஒரே பிராசசரில் மல்லுக்கட்டும்போதுதான் என்கோடிங் லேக் ஏறும். நல்ல என்விடியா கார்டை வைத்துக்கொண்டு, செட்டிங்ஸில் எக்ஸ்264-ஐயே விட்டு வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அவுட்புட் பக்கத்தில் என்கோடரை என்வென்குக்கு மாற்றினால் அவர்களுக்கு வேலை முடிந்தது. செலவு சுழியம்.

நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவனின் விஷயம் வேறு. ஆன்லைனில் 'ஸ்ட்ரீமிங் பிசி' என்ற பெயரில் வாங்கியது. இன்டெலின் ஐ3-12100எஃப் பிராசசர், ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டு, 16 ஜிபி ரேம். ஜிடிஏ 5 சும்மா விளையாடினால் அருமையாக ஓடுகிறது. லைவ் போட்டதும் என்கோடிங் வரி மீட்டர் மாதிரி ஏறுகிறது. என்கோடர் பட்டியலைத் திறந்தால் ஹார்ட்வேர் என்று ஒரு பெயர்கூட இல்லை.

"டிரைவர் சரியா போடலையாண்ணா?" என்றான்.

"டிரைவர் சரியாத்தான் இருக்கு தம்பி. உள்ளே அந்தப் பகுதியே இல்லை."

2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியில் வீடியோ என்கோடர் கிடையாது. அதன் தம்பி 6400-லும் கிடையாது. இன்டெல் பிராசசரின் பெயரில் 'எஃப்' என்று முடிந்தால் உள்கிராபிக்ஸ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ்) இல்லை. அது இல்லையென்றால் குவிக் சின்க்கும் இல்லை. இரண்டையும் ஒரே பெட்டியில் சேர்த்து 'ஸ்ட்ரீமிங் பிசி' என்று விற்றிருக்கிறார்கள். நான்கு கோர் உள்ள சின்ன பிராசசர் கேமையும் பார்த்து, பொட்டலமும் கட்ட வேண்டியதாகிவிட்டது. கேம் விளையாட மட்டும் என்றால் இந்த ஜோடியைக் குறை சொல்ல மாட்டேன். லைவ் போடப் போகிறவருக்கு இதைத் தலையில் கட்டியதுதான் தப்பு.

அன்றைக்குச் செய்தது: ஸ்ட்ரீமின் படத் தெளிவை 720பி, வேகத்தை 30 ஃபிரேம் என்று குறைத்தோம், எக்ஸ்264 பிரீசெட்டை பிராசசருக்குச் சுமை குறைவான சூப்பர்ஃபாஸ்டுக்கு மாற்றினோம், கேமின் எஃப்பிஎஸ்-ஐ (விநாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை) 60-இல் நிறுத்தினோம். எண் அடங்கியது. படம் கொஞ்சம் மங்கல்தான், ஆனால் திக்கவில்லை. பிறகு அந்தக் கார்டைக் கொடுத்துவிட்டு, பழைய ஜிடிஎக்ஸ் 1650 சூப்பர் ஒன்றை எடுத்துக்கொண்டான். லைவ் 1080பி-க்குத் திரும்பியது. விலையுயர்ந்த புதிய கார்டு எதுவும் தேவைப்படவில்லை.

ஜிடி 1030 கார்டிலும், பல லேப்டாப்களில் 'என்விடியா' ஸ்டிக்கரோடு வரும் எம்எக்ஸ் 150, 250, 350 போன்ற சிப்களிலும் என்வென்க் இல்லை. ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். ஆனால் அந்த லேப்டாப்களில் இன்டெல் பிராசசர் இருந்தால் பெரும்பாலும் குவிக் சின்க் இருக்கும், அதைப் பயன்படுத்தலாம். கடையில் கார்டு வாங்கும்போது எத்தனை ஜிபி என்று மட்டும் கேட்காதீர்கள். "இதுல ஹார்ட்வேர் என்கோடர் இருக்கா?" என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் வேறு கடை பாருங்கள்.

ரெண்டரிங் வரி ஏறினால்

கிராபிக்ஸ் கார்டு 99 சதவீதத்தில் திணறுகிறது, ஓபிஎஸ் தன் பங்குக்குக் காட்சியை அடுக்க இடம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். இங்கேதான் பலர் உடனே புதுக் கார்டுக்குப் போகிறார்கள். அதற்குமுன் கேமின் எஃப்பிஎஸ் வரம்பைப் பாருங்கள். 60 ஹெர்ட்ஸ் மானிட்டரை வைத்துக்கொண்டு கேமை 200, 240 என்று கட்டவிழ்த்து விட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஃபிரேம்களுக்காகக் கார்டு மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். 60-க்கோ 120-க்கோ வரம்பு போட்டாலே கார்டுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். ஓபிஎஸ்-ஐ அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறப்பதும் உதவும். விண்டோஸ் 10, 11-இல் அப்படித் திறந்தால் கிராபிக்ஸ் கார்டில் அதற்கு முன்னுரிமை கிடைக்கிறது. ஸ்கிரீன் முழுக்க மினுக்கும் அலர்ட், ஓவர்லே எல்லாம் பிரவுசர் சோர்ஸ்கள், அதாவது ஓபிஎஸ்-க்குள் ஓடும் குட்டி வெப்பக்கங்கள். அவையும் கார்டைத்தான் தின்னும். வேண்டாததை எடுத்துவிடுங்கள்.

மூன்று எண்ணும் சுழியம், ஆனாலும் வீடியோ நடுங்குகிறது என்றால் மானிட்டரைப் பாருங்கள். 75 ஹெர்ட்ஸ் மானிட்டரில் கேம் 75-இல் ஓடி, ஸ்ட்ரீம் 60-இல் எடுத்தால் ஃபிரேம்கள் சீராக உட்காராது. கேமை 60 அல்லது 120-இல் வைத்தால் சரியாகும்.

வண்டி தாமதம்

"நூறு எம்பிபிஎஸ் பிளான் சார், நெட்டுல பிரச்சினையே இல்லை" என்பார்கள். நூறு என்பது டவுன்லோடாக இருக்கலாம். லைவுக்கு வேண்டியது அப்லோடு. அதையும் மாலை ஏழு, எட்டு மணிக்கு, லைவ் போடும் அதே கம்ப்யூட்டரில் சோதிக்க வேண்டும். காலையில் செல்போனில் சோதித்த எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. வருகிற அப்லோடில் பாதிக்கு மேல் பிட்ரேட் (விநாடிக்கு அனுப்பும் டேட்டாவின் அளவு) வைக்காதீர்கள். 1080பி-க்கு 6000 கேபிபிஎஸ் என்றால் 6 எம்பிபிஎஸ். அப்லோடு 12-ஆவது நிலையாக இருக்க வேண்டும். ஓபிஎஸ் செட்டிங்ஸில் ரேட் கன்ட்ரோலை சிபிஆர் (மாறாத பிட்ரேட்), கீஃபிரேம் இடைவெளியை 2 விநாடி என்று வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

எங்கள் பக்கத்தில் நெருக்கமான தெருக்கள் அதிகம். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு வீட்டில் நின்று வைஃபை பட்டியலைத் திறந்தால் அக்கம்பக்கத்து வீடுகளின் பெயரெல்லாம் வரிசையாக வரும். எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். ரூட்டர் ஹாலில், பையன் மாடியில், நடுவில் கான்கிரீட் தளம். இதற்கு ஒரே உருப்படியான மருந்து லேன் கேபிள்தான். வீட்டைச் சுற்றி ஒயர் போனால் அசிங்கமாக இருக்கும் என்று அம்மாக்கள் தடுப்பார்கள். சுவரோரமாக பட்டைக் குழாய்க்குள் இழுத்துவிட்டால் யார் கண்ணையும் உறுத்தாது. கேபிளுக்கு வழியே இல்லை என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை, அதுவும் ரூட்டர் இருக்கும் அறையிலேயே.

செல்போன் ஹாட்ஸ்பாட்டில் லைவ் போடுகிறவர்கள் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். 6000 பிட்ரேட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2.7 ஜிபி போகும். தினம் 2 ஜிபி பேக் முக்கால் மணி நேரத்தில் காலி. அதன்பிறகு வேகம் தரைதட்டும், நெட்வொர்க் வரி எகிறும். பலரும் இதைக் கம்ப்யூட்டர் கோளாறு என்று நினைத்துத் தூக்கிவருகிறார்கள்.

கரண்ட் போனால் இன்வர்ட்டரில் ஃபேனும் லைட்டும் ஓடும், ரூட்டர் ஓடாது. அந்த பிளக்கையும் இன்வர்ட்டர் லைனுக்கு மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் ரூட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று போதும். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பட்டவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்னொன்று, மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வரலாம், கேபினெட்டைத் தரையில் வைக்காதீர்கள்.

இருபது நிமிடம் நன்றாக ஓடி, பிறகு திக்கினால்

சூடுதான் காரணம் என்று ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். லேப்டாப் பிராசசர்கள் 95, 100 டிகிரியைத் தொட்டதும் தாங்களே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை, மெத்தைமேல் லேப்டாப், காற்று போகும் ஓட்டையைப் போர்வை மூடியிருக்கிறது. அப்புறம் எப்படித் திக்காமல் இருக்கும்? தேவனாம்பட்டினம் பக்கம் கடலையொட்டிய வீடுகளிலிருந்து வரும் சிஸ்டங்களில் தூசியோடு உப்புக்காற்றின் ஈரமும் சேர்ந்து, ஹீட்சிங்க் தகடுகளுக்கிடையே பஞ்சு மெத்தைபோல் படிந்திருக்கும். ஊதினால் போகாது, பிரஷ் வைத்துச் சுரண்ட வேண்டும். வருடம் ஒருமுறை சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட் மாற்றினால் போதும் என்று பொதுவாகச் சொல்வார்கள். கடலோரத்தில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் வெப்பநிலை தெரிந்துவிடும். லேப்டாப்பை சார்ஜர் போடாமல் லைவ் போடுவதும் வேண்டாம். பேட்டரியில் கிராபிக்ஸ் சிப்புக்கு முழு மின்சாரம் போகாது.

ஒற்றை ரேம் ஸ்டிக் போட்ட சிஸ்டங்களில், குறிப்பாக உள்கிராபிக்ஸை நம்பியிருப்பவற்றில், இன்னொரு ஸ்டிக் சேர்த்தால் நல்ல வித்தியாசம் தெரியும். இது ஒன்றுதான் நான் தயங்காமல் வாங்கச் சொல்லும் பொருள்.

மொபைல் கேமைக் கம்ப்யூட்டர் வழியாக லைவ் போடுகிறவர்களின் கதை தனி. லாஸ்பேட்டையிலிருந்து ஒரு மாணவி, ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடுகிறவர், போனின் படத்தைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவர ஆன்லைனில் வாங்கிய சின்ன எச்டிஎம்ஐ கேப்சர் கார்டோடு வந்தார். யுஎஸ்பி முனை நீல நிறம், அட்டையில் 3.0 என்று அச்சு. ஆனால் உள்ளே இருப்பது யுஎஸ்பி 2.0 சிப். மலிவான கார்டுகள் பல இப்படித்தான். ஓபிஎஸ்-இல் அதன் வீடியோ ஃபார்மட் ஒய்யுஒய்2 (படத்தைச் சுருக்காமல் அனுப்பும் வகை) என்று இருந்தது. அந்த வழியில் 1080பி படம் விநாடிக்கு 5 ஃபிரேம் போலத்தான் வரும். சுருக்கி அனுப்பும் எம்ஜேபெக் என்று மாற்றி 30 ஃபிரேம் வைத்ததும் சீராகிவிட்டது. வாங்கும்முன் இன்னொன்றும் பாருங்கள்: டைப்-சி வழியாக வீடியோ வெளியே தராத போன்கள் ஏராளம். கேப்சர் கார்டு வாங்கிவிட்டுப் போனைக் குறை சொல்லிப் பயனில்லை.

'கேம் பூஸ்டர்', 'லேக் ஃபிக்ஸ்', கிராக் செய்த பிளக்இன் இவற்றை டெலிகிராமிலிருந்து இறக்கி ஏற்றிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும். எந்தக் கேமும் ஓடாதபோதே கிராபிக்ஸ் கார்டு 60, 70 சதவீதம் வேலை செய்கிறது என்றால், உங்கள் கரண்ட் பில்லில் யாரோ கிரிப்டோ மைனிங் செய்கிறார்களா என்று சந்தேகப்பட வேண்டும். இன்னும் மோசமானது, பிரவுசரில் லாகின் ஆகியிருக்கும் சேனலையே திருடிக்கொண்டு போகும் வகை. ஓபிஎஸ் இலவசம். அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடினால் மேலே 'விளம்பரம்' என்று வருவதைத் தொடாதீர்கள்.

இவ்வளவும் பார்த்தும் சரியாகவில்லையா? கேபினெட்டைப் பைக்கில் கட்டிக்கொண்டு வரவேண்டாம், முதலில் ஓபிஎஸ்-இன் ஹெல்ப் மெனுவில் லாக் ஃபைல்ஸ் என்று இருப்பதைத் திறந்து, திக்கிய அன்றைய கோப்பை எடுங்கள். என்கோடர் எது, எத்தனை ஃபிரேம் எந்த வகையில் போயிற்று என்று எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். விவரம் தெரிந்த எந்த டெக்னீஷியனுக்கும் அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பாதி வேலை முடிந்தது. செட்டிங்ஸ் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பும்போது மட்டும் ஸ்ட்ரீம் கீ மறைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அது வெளியே போனால் உங்கள் சேனலில் யார் வேண்டுமானாலும் லைவ் போடலாம்.