பட்டறை மூலையில் நிற்கும் எண்ணெய் பேரலுக்கும் விதி உண்டு

கோவையின் லேத் பட்டறைகளிலும் பம்ப் தொழிற்சாலைகளிலும் மூலையில் நிற்கும் கழிவு எண்ணெய் பேரலை, யாராவது வந்து விலைக்கு எடுத்துப் போகும் சரக்காகவே பலரும் பார்க்கிறார்கள். சட்டப்படி அது அபாயகரமான கழிவு. மத்திய அரசு 2016 ஏப்ரலில் வெளியிட்ட அபாயகரமான மற்றும் பிற கழிவுகள் விதிகளின் முதல் அட்டவணையில் பயன்படுத்திய எண்ணெய்க்கு 5.1, ரசாயனம் ஒட்டிய காலிப் பேரலுக்கு 33.1, கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் சேரும் ரசாயனக் கசடுக்கு 35.3 என்று தனித்தனி எண்களே இருக்கின்றன.

இத்தகைய கழிவு உண்டாகும் தொழிலகம், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் படிவம் 1-இல் விண்ணப்பித்து அங்கீகாரம் பெற வேண்டும். நீர், காற்று மாசுத் தடுப்புச் சட்டங்களின் கீழ் வாரியத்தின் இசைவாணை (இயங்குவதற்கான அனுமதி) தேவைப்படாத தொழிலகங்களுக்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் விலக்கு அளித்தது. ஆனால் கழிவை அங்கீகாரம் பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்ற நிபந்தனை அவர்களுக்கும் உண்டு.

கழிவை 90 நாட்களுக்கு மேல் வளாகத்தில் வைத்திருக்கக் கூடாது. ஆண்டுக்கு 10 டன் வரை கழிவு உண்டாக்கும் சிறு தொழிலகம் கேட்டால், வாரியம் இதை 180 நாட்கள் வரை நீட்டிக்கலாம். பேரலில் ஒட்டும் சீட்டு மஞ்சள் பின்னணியில், தண்ணீர் பட்டாலும் அழியாததாக இருக்க வேண்டும். எச்சரிக்கை வாசகம் இந்தி, ஆங்கிலத்தோடு தமிழிலும் சிவப்பு எழுத்தில் இருக்க வேண்டும். மழையில் நனைந்த காகிதத்தில் பேனாவால் எழுதி ஒட்டுவது இதற்கு ஈடாகாது.

எங்கே அனுப்புவது என்பதிலும் விதிகள் ஒரு வரிசை வைத்திருக்கின்றன. முதலில் கழிவே உண்டாகாமல் தவிர்த்தல், பிறகு குறைத்தல், மறுபயன்பாடு, மறுசுழற்சி, சிமென்ட் சூளையில் எரிபொருளாகவோ மூலப்பொருளாகவோ பயன்படுத்துதல்; இவற்றில் எதற்கும் உதவாததே கும்மிடிப்பூண்டியில் உள்ளது போன்ற பாதுகாப்பான நிலநிரப்பு மையத்துக்குப் போக வேண்டும். நடைமுறையில் கடைசிப் படியிலிருந்தே தொடங்குகிறவர்கள் அதிகம் என்பது என் எண்ணம்.

லாரி கிளம்பும்போது, கழிவோடு போகும் சரக்குச் சீட்டான படிவம் 10 ஏழு பிரதிகளில் தயாராக வேண்டும். ஓட்டுநரின் கையெழுத்தோடு மஞ்சள் பிரதி அனுப்பியவரிடம் தங்கும். சரக்கு உரிய இடத்தில் இறங்கிய பிறகு, பெற்றுக்கொண்டவர் கையெழுத்திட்ட நீலப் பிரதி அனுப்பியவருக்குத் திரும்பி வரும். கழிவை முறைகேடாகக் கையாண்டு சுற்றுச்சூழலுக்கோ பிறருக்கோ சேதம் நேர்ந்தால் அதற்கு உண்டாக்கியவரும் பொறுப்பு என்று விதி 23 சொல்வதால், நீலப் பிரதி வராதவரை கோப்பை மூடிவிட முடியாது. ஒவ்வொரு நிதியாண்டின் கழிவுக் கணக்கையும் அடுத்த ஜூன் 30-க்குள் படிவம் 4-இல் வாரியத்துக்கு அனுப்ப வேண்டும்.